பதினெட்டு கன மீட்டர் மரத்தூள்

மில்காரருக்கு உலகத்தில் இரண்டே கவலைகள்தான். ஒன்று ரம்பத்தின் பல், இன்னொன்று மனைவியின் மூச்சு. ரம்பத்தின் பல்லை அவரே அரம் வைத்துத் தீட்டிக்கொள்வார். மனைவியின் மூச்சுக்கு அவரால் செய்ய முடிந்தது, மரத்தூளை வீட்டுப் பக்கம் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். முன்னால் முற்றம், நடுவில் ரம்பக் கொட்டகை, பின்னால் வீடு என்று எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. முற்றத்தில் தூள் பறந்தால் போதும், வீட்டுக்குள்ளே அவளுக்கு நெஞ்சு அடைத்து இழுப்பு வந்துவிடும்.

நல்ல வேளையாக அவளுக்கு ஒரு தம்பி இருந்தார், அந்தத் தம்பிக்கு ஒரு செங்கல் சூளை இருந்தது. சனிக்கிழமை தவறாமல் மைத்துனர் வண்டியோடு வந்து, வாரம் முழுக்கச் சேர்ந்த தூளை வாரிக்கொண்டு போய்ச் சூளையில் எரிப்பார். எல்லாம் கூடைக் கணக்கு. அள்ளுவதற்கு முன் மில்காரர் தூளை மண்வெட்டியால் நன்றாகக் கிளறிவிடுவார். கிளறினால் தூள் பொங்கி, பத்துக் கூடை பன்னிரண்டாகும். மைத்துனர் ஒவ்வொரு கூடைக்குள்ளும் காலை விட்டு மிதிப்பார், பன்னிரண்டு மறுபடியும் பத்தாகும். இருபது வருஷமாக இருவரும் இதை ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவர் செய்துவந்தார்கள். மனத்தாங்கல் என்று ஒன்று வந்ததே இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் மண்டல உயிரித்திரள் வளவாய்ப்பு மதிப்பீட்டு அலுவலகம் நுழைந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குத் தாகம் எடுத்துவிடும் என்பதால் எல்லோரும் அதை 'வள ஆபீஸ்' என்றார்கள். முளைத்து வளர்ந்தது எதுவோ, பற்றவைத்தால் எரிவது எதுவோ, அதெல்லாம் உயிரித்திரள். மரத்தூள், உமி, சருகு, சாணம் எல்லாம் அதில் அடக்கம். இந்த மண்டலத்தில் அது எவ்வளவு இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. எடுப்பது அவர்கள் வேலை இல்லை. இந்த வித்தியாசம் மில்காரருக்கு அப்போது தெரியாது.

மதிப்பீட்டாளர் வெள்ளிக்கிழமை வருவதாக முன்கூட்டியே கடிதம் வந்தது. மில்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சர்க்கார் லாரியே வந்து தினமும் தூளை எடுத்துக்கொண்டு போகப் போகிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். தினமும் எடுத்தால் மனைவிக்கு இழுப்பே வராது. அந்தச் சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் கை தானாக மண்வெட்டியைத் தேடிப் போயிற்று. யாராவது தூளை அளக்க வந்தால் முதலில் கிளறிவிடுவதுதானே மில்காரனுக்கு அழகு. அடி முதல் நுனி வரை கிளறிப் பொங்கவிட்டார். குவியல் அவர் தலைக்கு மேலே போயிற்று.

மதிப்பீட்டாளர் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் நாலு நிறப் பேனா வைத்திருந்தார். நாடாவைப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்தார். காலால் மிதித்துப் பார்க்க அவர் என்ன மைத்துனரா? பதினெட்டு கன மீட்டர் என்று பச்சைப் பேனாவால் எழுதினார். அந்த வட்டாரத்திலேயே இவ்வளவு பெரிய குவியல் இல்லை என்றார். மில்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்தின் மூலம் அவர் 'மூலப்பொருள் பொறுப்பாளர்' ஆகியிருந்தார்.

சாயங்காலம் இரண்டு ஆட்கள் வந்து குவியலின் மேல் ஒரு வலையை விரித்து, நாலு மூலையிலும் ஈய முத்திரை குத்தினார்கள். குவியலைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினார்கள். 'எரிபொருள் வளம்' என்று தலைப்பிட்ட ஓர் அறிவிப்புப் பலகையும் நட்டார்கள். குவியலைத் தொடக் கூடாது, கிளறக் கூடாது, நனைக்கக் கூடாது, எரிக்கவே கூடாது. மேலிருந்து கொட்டலாம், கீழிருந்து எடுக்கக் கூடாது. பொறுப்பாளர் இருபத்து நான்கு மணி நேரமும் கூப்பிட்ட குரலுக்குக் கிடைக்க வேண்டும். பொதுவளத்தைக் குறைத்தால் மூன்று வருஷம் சிறை.

மறுநாள் சனிக்கிழமை. மைத்துனர் வண்டியோடு வந்து, பலகையைப் படித்துவிட்டு, கூடையைத் தலைகீழாகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எரிக்கக் கூடாதாம். அப்ப எரிபொருள்னு எதுக்கு எழுதியிருக்காங்க மச்சான்?" என்று கேட்டார்.

பத்து நாளில் மனைவிக்கு இழுப்பு முற்றிவிட்டது. காற்று அடிக்கும்போதெல்லாம் வலைக் கண்களின் வழியாகத் தூள் கிளம்பி வீட்டுக்குள் போயிற்று. ஈரத் துணி கட்டிப் பார்த்தார்கள், கதவு இடுக்கில் பழைய புடவையைத் திணித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் மருந்து எழுதிவிட்டு, தூள் இருக்கிற இடத்தில் இந்த மருந்து கொடுப்பது வீண் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மைத்துனர் அக்காவை வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மில்காரரும் கூடவே போயிருப்பார். ஆனால் அவர்தான் கூப்பிட்ட குரலுக்குக் கிடைக்க வேண்டியவர் ஆயிற்றே. வண்டி தெருமுனை திரும்பும் வரை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஓர் இரவுகூடத் தனித்தனியாக இருந்ததில்லை. அன்று சமைக்கவும் தோன்றவில்லை, சாப்பிடவும் தோன்றவில்லை.

ஒரு வாரம் மனு எழுதினார். பிறகு எழுத்துப்பூர்வமாக நாலு மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு வள ஆபீசுக்கே போனார். வாசலில் டீசல் ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால்தான் அலுவலகத்தில் விளக்கு எரியும் என்று காவலாளி சொன்னார். உள்ளே சுவர் முழுக்க மண்டல வரைபடம். சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு புள்ளி மட்டும் அப்பளமாக விரிந்திருந்தது. அதுதான் அவருடைய முற்றம்.

இயக்குநர் எழுந்து வந்து கைகொடுத்தார். இவரைப் பார்த்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "உங்க புள்ளிய வெச்சுத்தான் எங்களுக்கு இந்த வருஷம் நிதியே வந்துச்சு," என்றார்.

மில்காரர் தன் மனைவியின் மூச்சைப் பற்றிச் சொன்னார். குவியலை எடுத்துவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள், வேறு எதுவும் வேண்டாம் என்று சொன்னார். மைத்துனரின் சூளை இருபது வருஷமாக இந்தத் தூளில்தான் எரிகிறது, அதுவும் எரிசக்திதானே என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இயக்குநர் பரிவோடு கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது பயன்பாடு. நாங்க வாய்ப்பு. ரெண்டும் வேற வேற. இருக்கிற வரைக்கும்தான் அது வளம். எரிச்சுட்டா வெறும் சாம்பல். சாம்பலை வரைபடத்துல எப்படிங்க காட்டுறது?"

"அப்ப மின்நிலையம் எப்ப சார் வரும்?"

"வளம் மொத்தமும் அளந்து முடிச்ச பிறகு."

"எப்ப முடியும்?"

"எப்படி முடியும்? தினமும் வளருதே." இயக்குநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். மின்நிலையம்னு ஒண்ணு வந்தா நாளைக்கே எல்லாத்தையும் வாரிப் போட்டு எரிச்சிடுவான். இத்தனை வருஷ உழைப்பு. நாப்பத்தஞ்சு பேர் இங்க வேலை பாக்கிறோம், எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. நீங்களும் குடும்பஸ்தர், உங்களுக்குப் புரியும்."

மனைவியின் விஷயத்தை மட்டும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. உடனே உதவியாளரைக் கூப்பிட்டு, அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். 'சமூகத் தாக்கம்: ஒரு நபர். தற்காலிகம்.' அதன் நகல் ஒன்று மில்காரர் கையிலும் கொடுக்கப்பட்டது.

மூன்றாம் மாதம் மதிப்பீட்டாளர் மறு அளவைக்கு வந்தார். நாடாவைப் பிடித்தார். மறுபடியும் பிடித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். குவியல் பதினைந்து கன மீட்டர்தான் இருந்தது.

"மூணு குறையுது," என்றார்.

தூள் தானாக அமுங்கும் என்று மில்காரர் எடுத்துச் சொன்னார். அன்றைக்கு வழக்கப்படி கிளறிவிட்டதை, மைத்துனரின் கால், கூடை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மதிப்பீட்டாளர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மைன்னா, அன்னைக்கு ஏமாத்தினதா எழுதணும். பொய்யின்னா, இன்னைக்குத் திருடினதா எழுதணும். ரெண்டுக்கும் தண்டனை ஒண்ணுதான். எதை எழுதட்டும்?"

மதிப்பீட்டாளர் கெட்டவர் அல்ல. மூன்றாவது வழி ஒன்றும் அவரிடம் இருந்தது. ஐந்து மாத அவகாசத்தில் பொறுப்பாளரே குறையை நிரப்பிவிடலாம். "நீங்கதான் மில் வெச்சிருக்கீங்களே," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மில் இருந்தது, மரம்தான் இல்லை. முற்றம் முழுவதையும் குவியலும் கயிறும் பிடித்துக்கொண்டதால் மரவண்டி உள்ளே வர வழி இல்லை. மரம் வராததால் அறுவை இல்லை, அறுவை இல்லாததால் தூள் இல்லை. கொட்டகையில் மிச்சம் இருந்த பலகைகளை மில்காரர் எடுத்தார். முன்பெல்லாம் ஒரு பலகையை அறுக்கும்போது தூள் குறைவாக விழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோடு பிடிப்பார். இப்போது தூள் மட்டும் விழ வேண்டும், பலகை மிஞ்சக் கூடாது. நல்ல மரத்தை விரல் விரலாக ரம்பத்துக்குக் கொடுத்தார். சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, வலையின் மேல் கொட்டிவிட்டு இறங்குவார். காலையில் பார்த்தால் நேற்றுப் போட்டதன் கனத்தில் குவியல் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

பலகைகள் ஒரு மாதத்தில் தீர்ந்தன. அலமாரியை அறுத்தார். நாற்காலிகளை அறுத்தார். கட்டிலுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். அது கல்யாணத்துக்காக அவரே இழைத்துச் செய்தது. அவள் பக்கத்துக் காலில் ஒரு முடிச்சு இருக்கும், அதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று அவள் எப்போதும் சண்டை போடுவாள். அந்த முடிச்சு ரம்பத்தில் மாட்டியபோது ரம்பம் ஒரு கணம் திணறியது. மில்காரர் அழுதார். அழுதுகொண்டே தள்ளிவிட்டார்.

இதற்கு நடுவில் ஆண்டு மாநாடு வந்தது. மில்காரரை மேடையில் உட்காரவைத்து, கையில் தூள் நிரப்பிய ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இயக்குநர் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். எரிசக்தியின் எதிர்காலம் எரிக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது என்றும், இந்த மண்டலத்தின் வளத்தில் ஒரு பிடிகூடக் குறையாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம் என்றும், அந்தத் தலைமுறையும் அதைத் தொடாமல் அதற்கடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் என்றும் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கை ஒழிந்திருந்தால் மில்காரரும் தட்டியிருப்பார். இறங்கும்போது, சிறந்த பொறுப்பாளர் என்று எழுதி மரச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்ந்ததும் சான்றிதழைத் தனியே உருவி வைத்துவிட்டுச் சட்டத்தை அறுத்தார்.

கடைசியில் கதவுகளுக்கு வந்தார். ஜன்னல் கதவு, அறைக் கதவு, பின்வாசல் கதவு, எல்லாவற்றுக்கும் கடைசியாக வாசல் கதவு. நிலைகளையும் பெயர்த்தார். மைத்துனர் ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தவர், வீட்டின் முன்புறம் நின்று பின்புறத் தெரு தெரிவதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் கீழே வைத்தார்.

"கதவு எங்க மச்சான்?"

மில்காரர் குவியலைக் காட்டினார்.

அவகாசத்தின் ஐந்தாம் மாதக் கடைசியில் கணக்கு சரியாகப் பதினெட்டு வந்தது. மறுநாள் மதிப்பீட்டாளர் வர வேண்டிய நாள். அவரும் வந்தார். ஆனால் நாடா கொண்டுவரவில்லை. கையில் ஒரு சுற்றறிக்கையும், தோளில் நீளமான ஒரு பையும்தான் இருந்தன. உயிரித்திரள் பழைய கொள்கை ஆகிவிட்டதாம். புதிய கொள்கை காற்று. அலுவலகத்தின் பெயர்ப் பலகையில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதிவிட்டார்கள். இனி அது மண்டலக் காற்று வளவாய்ப்பு மதிப்பீட்டு அலுவலகம். பழைய பதிவேடுகள் எல்லாம் ரத்து.

"அப்ப இந்தத் தூள்?" என்றார் மில்காரர்.

"எந்தத் தூள்?" என்றார் மதிப்பீட்டாளர்.

முத்திரைகளை வெட்டவும் வலையை உருவவும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மில்காரர் உடனே மைத்துனருக்கு ஆள் அனுப்பினார். மைத்துனர் மூன்று வண்டிகளோடு பறந்து வந்தார். மில்காரர் கிளறிவிட்டார், மைத்துனர் கூடையை மிதித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் முற்றத்தில் ஒரு சிட்டிகைத் தூள் இல்லை. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஒரு கதவு மட்டும் போட்டுவிட்டால் போதும், அக்காவை நாளைக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றார் மைத்துனர். தன் வீட்டுப் பின்கட்டுக் கதவையே கழற்றித் தருவதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை மில்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வெற்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அப்போது மதிப்பீட்டாளர் மறுபடியும் வந்தார். வலையைத் திரும்ப எடுத்துப்போக வந்தாராம். வலையைச் சுருட்டிக்கொண்டே, வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டார்.

"வீடு காத்தோட்டமா இருக்குமோ?"

இருபது வருஷமாகச் சரக்கைக் கூட்டிச் சொல்லிப் பழகிய வாய். மனசும் அன்று நிறைந்திருந்தது. "காத்தா? பிச்சுக்கிட்டு வரும் சார். இங்க நின்னா ஆளையே தூக்கிடும்," என்றார் மில்காரர்.

சொல்லி முடித்த பிறகுதான் மதிப்பீட்டாளரின் தோளில் அந்த நீளப் பை இருப்பதைக் கவனித்தார்.

பையிலிருந்து ஒரு முக்காலி வந்தது. முக்காலியின் உச்சியில் நாலு கிண்ணங்கள் சுற்றும் ஒரு கருவி ஏறியது. கூடத்தின் நடுவில், கட்டில் இருந்த இடத்தில், அதை நிறுத்தினார். முன்வாசலில் நுழைந்த காற்று தங்குதடை இல்லாமல் கிண்ணங்களைச் சுழற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போயிற்று. மதிப்பீட்டாளர் பச்சைப் பேனாவை எடுத்தார். கதவு, ஜன்னல், நிலை, சாமான் எந்த இடைஞ்சலும் இல்லாமல் இப்படி ஒரு காற்றுவழி மண்டலத்திலேயே இல்லை என்றார். அலுவலகத்தில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்றார். முன்வாசலில் ஒரு கயிறும், பின்வாசலில் ஒரு கயிறும் கட்டி முத்திரை வைத்தார். அடைக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, கதவு போடவே கூடாது. பழைய பதிவேடு ரத்தானாலும் பழைய பொறுப்பாளர் தொடர்வார் என்று சுற்றறிக்கையிலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனரின் வண்டி வந்து நின்றது. வண்டியில் ஒரு கதவு படுக்கவைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில், மடியில் துணி மூட்டையோடு மில்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்தில் உடம்பு தேறியிருந்தாள், மூச்சு சீராக இருந்தது. இறங்கி வாசலுக்கு வந்தவள் கயிற்றைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டிருந்த கிண்ணங்களைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். தெருப்புழுதி அவளைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மில்காரர் அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். கிண்ணங்களின் வேகம் குறைந்தது.

"நீங்க காத்தை மறைக்கிறீங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க," என்றார் மதிப்பீட்டாளர்.

மில்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். கிண்ணங்கள் மறுபடியும் வேகம் எடுத்தன.

"எவ்வளவு நாளைக்கு ஒதுங்கி நிக்கணும்?" என்று அவள் கேட்டாள்.

மதிப்பீட்டாளர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆய்வுக் காலம் அஞ்சு வருஷம்மா. நீட்டிக்கவும் வாய்ப்பு இருக்கு."

அவள் அவரிடம் அதற்கு மேல் பேசவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். "வீடு போனாப் போகட்டும். வண்டி நிக்குது. கயித்தைத் தாண்டி வந்துடுங்க."

"பொறுப்பாளர் இடத்துல இல்லன்னு எழுதிடுவாங்க."

"எழுதட்டும்."

அவள் கயிற்றுக்கு மேலே கையை நீட்டினாள். இந்தக் கைக்காகத்தான் அவர் எட்டு மாதம் ஏங்கியிருந்தார். இவளுக்காகத்தான் மனு எழுதினார், இவள் வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் கட்டிலைக்கூட அறுத்தார். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சுவரை விட்டு விலகி அவர் காலைத் தூக்கினார்.

மதிப்பீட்டாளர் ஏட்டிலிருந்து நிமிரவில்லை. "மெதுவா நடங்க," என்றார். "வேகமா நடந்தா அளவு மாறிடும்."

மில்காரர் வேகம் குறைந்துகொண்டிருந்த கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு, தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.